லைன் வீடுகளுக்கு மழைக்கணக்கு தெரிய வேண்டும்

2024 ஜூலை 30 அதிகாலை கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போன பிறகு, நிலவியலும் நீரியலும் படித்த எங்கள் நண்பர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை: நீலகிரியின் பந்தலூர், சேரம்பாடி, தேவாலா பக்கம் ஓடையோரத்து லைன் வீடுகள், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். 2019 புத்துமலை, 2020 பெட்டிமுடி, அடுத்து முண்டக்கை என்று கேரளத்தில் மூன்று நிலச்சரிவுகள். மூன்றிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் போயின. பெட்டிமுடியில் இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழர்கள்.

முண்டக்கை சரிவுக்கு முந்தைய நாள் வயநாட்டுக்கு இருந்தது வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மழை என்று அதற்கு அர்த்தம். பெய்ததோ 48 மணி நேரத்தில் 572 மி.மீ. மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம் சொன்னால் நம் மலைமடிப்பில் என்ன கொட்டுகிறது என்று எப்படித் தெரியும்? எஸ்டேட்டுகளில் தினமும் மழை அளந்து எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு ஆபீஸ் நோட்டோடு நின்றுவிடுவது அநியாயம். அன்றன்றைக்கே லைனுக்கு வந்தாக வேண்டும்.

வரும்வரை நாமே அளக்கலாம். பக்கம் நேராக உள்ள 2 லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, புனல்போல் கவிழ்த்துச் செருகுங்கள். அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் குறியுங்கள். அதற்கு மேல் ஒரு செ.மீ. ஏறினால் 10 மி.மீ. மழை. கூரைத் தாரையிலும் சில்வர் ஓக் மரத்தடியிலும் வைத்தால் கணக்கு தப்பும். தினமும் காலை 8.30க்குப் பாருங்கள், கனமழையில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதிவிட்டுச் சுழியம்வரை கொட்டுங்கள். இல்லாவிட்டால் வழிந்துபோகும், பெரிய மழையே கணக்கில் வராது.

ஒருநாள் மழையை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று நாளைக் கூட்டுங்கள். ஊறிய மண்ணுக்கும் அடியிலுள்ள பாறைக்கும் இடையே நீர் அழுத்தம் ஏறினால் பிடிமானம் போகும். அதன்பின் சிறு மழையும் போதும். மேட்டில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று இறுகும் கதவு, எல்லாமே அறிகுறிதான். மழை ஓயாமலே ஓடையில் தண்ணீர் குறைந்தால் மேலே அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே கிளம்புங்கள்.

மற்ற அறிகுறிகள் தெரிந்தாலும் பொழுது சாயும் முன்பே போய்விட வேண்டும். ஓடை வழியே கீழே இறங்காமல், பக்கவாட்டில் விலகி மேட்டுக்கு ஏறுங்கள். முதல் சரிவு நின்றதும் சாமான் எடுக்கத் திரும்பாதீர்கள். முண்டக்கையில் சில மணி நேரத்திலேயே அடுத்த சரிவு வந்தது.