மெத்தடாலஜி என்னவென்று கேட்டால் ஸ்க்ரம் என்கிறார்கள்

போன வாரம் ஒரு நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவருக்குப் பத்து வருட அனுபவம். "உங்கள் டீமில் ப்ராஜெக்ட்களை நடத்த என்ன மெத்தடாலஜி?" என்றேன். "ஸ்க்ரம் சார்" என்று யோசிக்காமல் பதில் வந்தது. (மென்பொருள் டீம்கள் வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்ய உதவும் ஏற்பாடுதான் ஸ்க்ரம்; ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்பிரின்ட்.) "சரி, ஸ்பிரின்ட் பாதியில் இருக்கும்போது வாடிக்கையாளர் புதிதாக ஒன்று கேட்கிறார். உங்கள் டீமில் என்ன நடக்கும்?" இந்த முறை கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அன்றைக்கு மேனேஜர் என்ன மூடில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது சார்."

முதல் பதில் தவறு, இரண்டாவது பதில் சரி. நான் கேட்டது மெத்தடாலஜி. அவர்களுடைய மெத்தடாலஜி மேனேஜரின் மூடு. அதன் மேல் போர்த்தியிருந்த போர்வைதான் ஸ்க்ரம். (அவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. உண்மையைச் சொன்னாரே!)

தரநிலை, சட்டகம், வழிமுறை என்று தமிழில் அழகாகவே மூன்று சொற்கள் இருக்கின்றன. ஆனால் மீட்டிங்கில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஸ்டாண்டர்ட், ஃபிரேம்வொர்க், மெத்தடாலஜி என்றுதான் பேசுகிறோம். அதையும் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டுப் பேசுகிறோம். பெயரில் என்ன இருக்கிறது, வேலை நடந்தால் சரிதானே என்று நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை 49 வரிகள் கொண்ட ஓர் எக்செல்.

பழைய கம்பெனி ஒன்றில் நடந்தது. 'பிஎம்பாக்' என்ற ப்ராஜெக்ட் மேலாண்மைக் கையேட்டின் ஆறாவது பதிப்பு 2017இல் வந்த புதிது. அதில் 5 செயல்முறைக் குழுக்கள், 10 அறிவுத் துறைகள், மொத்தம் 49 செயல்முறைகள். எங்கள் மேலாளர் அந்த 49ஐயும் ஓர் எக்செல்லில் வரிசையாக இறக்கி, பக்கத்தில் 'முடிந்தது / முடியவில்லை' என்று ஒரு காலம் (நெடுவரிசை) போட்டார். டீமில் இருந்தது ஆறு பேர், மூன்று மாத வேலை. 'கொள்முதலைத் திட்டமிடு' என்றொரு வரி. நாங்கள் ஒரு பென்சில்கூட வாங்கப் போவதில்லை. இருந்தாலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே! 'கொள்முதல் எதுவும் இல்லை' என்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி, ஒப்புதல் வாங்கி, 'முடிந்தது' என்று போட்டேன். அப்படி எழுதியவன் நான்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தான் ஒரு மெத்தடாலஜி இல்லை என்று அந்தக் கையேடே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. இதை அடித்தளமாக வைத்து உங்கள் நிறுவனம் தன் மெத்தடாலஜியைக் கட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் பேச்சு. யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை, நேராக அட்டவணைக்குப் போய்விட்டோம். 2021இல் ஏழாவது பதிப்பு வந்தபோது, 49 செயல்முறைகளை மையமாக வைத்த கட்டமைப்பையே எடுத்துவிட்டு, 12 கொள்கைகள், 8 செயல்திறன் களங்கள் என்று மாற்றினார்கள். அதையும் யாராவது 20 வரி எக்செல்லாக ஆக்கியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

ஸ்டாண்டர்ட் என்பது ஒரு துறையில் பலர் கூடி 'நல்ல வேலை என்றால் இவையெல்லாம் இருக்கும்' என்று ஒப்புக்கொண்டது. யார் செய்வது, எந்தக் கிழமை செய்வது என்பதெல்லாம் அதன் கவலை இல்லை. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 21500 என்ற ப்ராஜெக்ட் மேலாண்மை ஆவணம் 2012இல் வந்தது. பிறகு அதன் வழிகாட்டும் பகுதி 2020இல் 21502 என்று தனி ஆவணமாக வந்தது. 21500 அடுத்த வருடம் சூழலையும் கருத்துகளையும் மட்டும் பேசும் ஆவணமாகத் திருத்தப்பட்டது. ஐஎஸ்ஓ ஆவணங்களின் மொழியில் ஒரு நுணுக்கம் உண்டு: 'செய்தே ஆக வேண்டும்' என்பதற்கு ஒரு வினைச்சொல், 'செய்வது நல்லது' என்பதற்கு இன்னொன்று. தர மேலாண்மைக்கான 9001 முதல் வகையில் நிற்பது. அதனால்தான் தணிக்கை வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடிகிறது. 21502 இரண்டாம் வகை, வெறும் வழிகாட்டுதல். "தரநிலைப்படிதான் செய்கிறோம்" என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால், எந்த வகை என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஃபிரேம்வொர்க்கின் குணம் வேறு. ஸ்க்ரமின் அதிகாரபூர்வ வழிகாட்டி, 2020 பதிப்பு, பதினைந்து பக்கம்கூட வராது. 3 பொறுப்புகள், 5 நிகழ்வுகள், 3 ஆக்கங்கள், இவற்றைக் கட்டும் சில விதிகள். அவ்வளவுதான். வேலையின் அளவை மதிப்பிடும் ஸ்டோரி பாயின்ட் அதில் கிடையாது. பயனரின் தேவையைச் சுருக்கமாக எழுதும் யூசர் ஸ்டோரி கிடையாது. ஒரு ஸ்பிரின்டில் எவ்வளவு முடிகிறது என்று அளக்கும் வெலாசிட்டி கிடையாது. நாம் வருடக்கணக்காகச் சண்டை போட்ட விஷயங்களில் பாதிக்கு மேல் அதில் இல்லவே இல்லை! மறந்துபோய் விட்டதல்ல. வேண்டுமென்றே முழுமையாக்காமல் விட்டிருக்கிறோம் என்று எழுதியவர்களே சொல்கிறார்கள். கூடவே, இதில் பாதியை மட்டும் எடுத்துச் செய்தால் அது ஸ்க்ரம் ஆகாது என்றும் சொல்கிறார்கள்.

வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கடைசி அடியில் மூன்று சீர், அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்று. எதைப் பற்றிப் பாடுவது என்று யாப்பு வாயே திறக்காது. ஆனால் ஓர் இடத்தில் தளை தட்டினாலும் அது வெண்பா இல்லை. இலக்கணத்தை வைத்துக்கொண்டு 'பாட்டு எங்கே?' என்று தேடினால் எப்படியோ, அப்படித்தான் ஸ்க்ரமை வைத்துக்கொண்டு மெத்தடாலஜியைத் தேடுவதும்.

மெத்தடாலஜி என்ற பெயருக்குக் கிட்டே வருவது பிரின்ஸ்2. பிரிட்டிஷ் அரசின் ஐடி வேலைகளுக்காக 1989இல் வந்த பிரின்ஸிலிருந்து கிளைத்து, 1996இல் எல்லா வகை வேலைக்கும் பொதுவாக வந்தது. யார் எதற்குப் பொறுப்பு, எந்த ஆவணம், எந்தக் கட்டத்தில் யாரிடம் அனுமதி என்று நிறையவே சொல்லும். ஆனால் அதனுடைய 7 கொள்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? உன் வேலைக்குத் தகுந்தபடி என்னை வெட்டித் தைத்துக்கொள் என்பது. அதாவது இவ்வளவு விரிவாகச் சொல்வதும்கூட, கடைசி முடிச்சை நம் கையில்தான் கொடுக்கிறது.

ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று போகும் வாட்டர்ஃபாலை ஏன் விட்டுவிட்டாய் என்பவர்களுக்கு: அதன் பிறப்பிடமாகக் காட்டப்படும் ராய்ஸ் என்பவர் மென்பொருள் உருவாக்கம் பற்றி 1970ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை, ஒரே வரிசையாகப் போவது ஆபத்து என்றும் அவரே எழுதியிருக்கிறார். வேலைகளைத் தேதி வாரியாகப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட்டை மெத்தடாலஜி என்பவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை. அது ஒரு படம்.

சரி, நேர்காணலில் கேட்ட கேள்விக்கே வருகிறேன். வியாழக்கிழமை மதியம் வாடிக்கையாளர் போன் செய்து, "அந்த ரிப்போர்ட் அட்டவணையில் இன்னும் ரெண்டு காலம் சேர்த்துவிடுங்கள், சின்ன வேலைதானே" என்கிறார். ஸ்டாண்டர்டைக் கேட்டால், மாற்றங்களைப் பதிவு செய்து, பாதிப்பை ஆராய்ந்து, முடிவெடுக்க ஓர் ஏற்பாடு இருக்கட்டும் என்று சொல்லும். ஸ்க்ரமைக் கேட்டால், ஸ்பிரின்ட் இலக்குக்கு ஆபத்து வரக் கூடாது, மற்றபடி பிராடக்ட் ஓனரிடம் (எந்த வேலை முதலில் என்று முடிவெடுப்பவர்) பேசிக்கொள் என்று சொல்லும். பிரின்ஸ்2, அதை ஒரு பிரச்சினையாகப் பதிவு செய், உனக்குக் கொடுத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் மேலே உள்ள போர்டுக்குத் தெரிவி என்று சொல்லும். மூன்றும் நல்ல பதில்தான். ஆனால் போனை எடுத்த பையன் அந்த நிமிடத்தில் என்ன சொல்வது? வரம்பு எத்தனை நாள்? பிராடக்ட் ஓனர் லீவில் இருந்தால் யார்? இதற்கு எந்தப் புத்தகமும் பதில் சொல்லாது, சொல்லவும் முடியாது. இந்தப் பதில்கள்தான் மெத்தடாலஜி என்கிறேன் நான். ஸ்டாண்டர்டும் ஃபிரேம்வொர்க்கும் வெளியிலிருந்து வரும். மெத்தடாலஜியை நாமே உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதாமல் விட்டாலும் அது இல்லாமல் போய்விடாது, மேனேஜரின் மூடாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இது எல்லோருக்கும் பிடிக்காது என்று தெரியும். ஆளுக்கு ஒரு மெத்தடாலஜி எழுதினால் புதிதாக வருகிறவன் எதைக் கற்றுக்கொண்டு வருவான் என்று ஒரு நண்பர் சண்டைக்கே வந்தார். நியாயமான கேள்வி. பொதுவான மொழிக்குத்தான் ஸ்டாண்டர்ட். 'ரிஸ்க்' என்று நான் சொன்னால் அவனுக்கும் அதே பொருள் புரிய வேண்டும். சான்றிதழ் தேர்வுகளின் உண்மையான பயனும் அந்த அளவில்தான் என்பது என் கருத்து. ஒருவர் இரண்டு மூன்று சான்றிதழ் வைத்திருந்தால் அவருக்குச் சொற்கள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் எதுவும் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது இருக்கும் டீமில் எங்களுடைய மெத்தடாலஜி இரண்டு பக்கம். எட்டு மணி நேரத்துக்குள் முடிகிற மாற்றம் என்றால் டீம் லீடே முடிவெடுக்கலாம். ஐந்து நாள் வரை பிராடக்ட் ஓனர், அவர் இல்லையென்றால் யார் என்று பெயரோடு. அதற்கு மேல் போனால் பணம் கொடுக்கிறவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். மூன்றாவது வரியை இதுவரை நான்கு முறை திருத்தியிருக்கிறோம். இரண்டாம் பக்கத்தின் அடியில், வாய்வழி கேட்டது கணக்கில் வராது என்று ஒரு வரி. அதைச் சேர்க்க வைத்தவர் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான்.

போன மாதம் அவரேதான் கூப்பிட்டார். வியாழக்கிழமை, மதியம், இன்னும் ரெண்டு காலம். போனை எடுத்தவன் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத பையன். இரண்டு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "மெயில் போட்டுவிடுங்கள் சார், நாளை மதியத்துக்குள் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுகிறோம்" என்றான். மெயில் இன்றுவரை வரவில்லை.