தோட்டத்துப் பிள்ளைகள் முதுமையைப் படிக்கட்டும்

பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்டிபிஎம் தேர்வு முடிவு வந்துவிட்டால், ஜோகூரின் லாபிஸில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முழுக்க ஒரே பேச்சு: டாக்டர். அது கிடைக்காவிட்டால் வக்கீல், அதுவும் இல்லையென்றால் சிங்கப்பூரில் ஏதாவது ஒரு வேலை. சரி, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் நாலு பேராவது மக்கள் நலமும் முதுமையும் பற்றி முதுநிலைப் படிப்பு படிக்க வேண்டும் என்று நான் கொஞ்ச நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2021-இல் மலேசியாவில் 65 வயதை எட்டியவர்கள் 7 விழுக்காடு ஆனார்கள். தோட்டப் பக்கம் அதற்குக் கணக்கே வேண்டாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகளும் ஜோகூர் பாருவுக்குப் போய்விட்ட பிறகு, ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தாலே போதும்.

என் அத்தையை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். முதியோருக்கான படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் கேள்வி கேட்டார். நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் கேட்டார். முதல் கேள்வியே வயது. ஐசியில் (அடையாள அட்டையில்) பிறந்த ஆண்டு 1949. அது தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) குத்துமதிப்பாகப் போட்டது. "ஜப்பான்காரன் போன மறு தீபாவளிக்கு நான் கைக்குழந்தை" என்பது அத்தையின் கணக்கு. அப்படியென்றால் 1946. மூன்று வயது எங்கே போயிற்று? பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களிடம் இப்படி ஊர் அறிந்த சம்பவங்களை வைத்து வயதைக் கணக்கிடுவது மக்கள்தொகை ஆய்வில் பழைய முறை. ஜப்பான் காலம், 1948-இல் தொடங்கிய அவசரகாலம், 1969 மே 13 கலவரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

அப்புறம் மறதிச் சோதனை. 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அத்தை இரண்டாவதிலேயே நின்றுவிட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் தாமானில் பன்னிரண்டு பேரின் கூட்டுப் பணத்தை, அதாவது சீட்டுப் பணத்தை (சட்டப்படி கூடாதுதான், வெளியில் சொல்லிவிடாதீர்கள்) ஒரு வெள்ளி பிசகாமல் மனத்திலேயே வைத்திருப்பவர். படிக்காதவர்களுக்கு இந்த மாதிரிச் சோதனைகளில் மதிப்பெண் குறையும் என்பது ஆய்வாளர்களுக்கும் தெரியும். அதற்காகவே வேறு சோதனைகளும் வந்திருக்கின்றன. அந்த நாற்காலியில் தோட்டத்துப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் கூட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டிருக்கும்.

எனக்கு உறுத்தியது கடைசியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் எல்லாம் கேட்டார்கள். இளவயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கவில்லை. அத்தை பல வருடம் முதுகில் டப்பாவைச் சுமந்து களைக்கு மருந்தடித்தவர். கையுறை கிடையாது, நகமெல்லாம் கறுத்துச் சொத்தையாகிவிடும், மூக்கில் ரத்தம் வரும். தோட்டங்களில் அடித்த பேராகுவாட் என்ற களைக்கொல்லியை இந்த நாடு 2002-இல் தடை செய்து, 2006-இல் தளர்த்தி, ஒருவழியாக 2020 ஜனவரியில் முழுசாக நிறுத்தியது. அந்த மருந்துக்கும் கை கால் நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று உலகம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. மருந்தடித்த நம் பெண்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களை உட்கார வைத்துக் கேட்க இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது?

படிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் முதுமை ஆய்வுக்கென்றே 2002 முதல் ஒரு கழகம் இருக்கிறது. மருத்துவப் பட்டம் இல்லாதவர்களும் அங்கே முதுமையியல் படிக்கலாம். அதுகூட வேண்டாம், நம் சிகாமட் மாவட்டத்திலேயே மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை 2011-இல் ஒரு சமூக ஆய்வு மையம் தொடங்கியது. பெக்கோக், சாஆ எல்லாம் அதில் சேர்த்தி. உலகக் கட்டுரைகளில் நம் ஊர்ப் பெயர் வருகிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

சம்பளம்? டாக்டர் அளவுக்கு வராது, அதை மறைக்க மாட்டேன். புள்ளியியல் கொஞ்சம் மண்டையைக் காய வைக்கும்.

என் அக்கா மகள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். "கிழடுகட்டைகளைப் பற்றிப் படிக்க ரெண்டு வருஷமா?" என்று அக்கா வீட்டுக்காரர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை கல்யாண வீட்டில் பார்ப்பேன். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுவதா, பிறகு பேசுவதா என்பதுதான் யோசனை.