அந்த அரங்கில் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேற்படிப்புக்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்றில் பிளஸ் டூ முடித்த பெண் எழுந்து, "பி.ஏ. இங்கிலீஷ் எடுக்கலாம்னு இருக்கேன் சார், என்ன வேலைக்குப் போகலாம்?" என்று கேட்கிறாள். வழிகாட்டி என்று சால்வை போர்த்தி உட்கார வைத்திருந்தவர், "கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கலாம்மா" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. அவளும் சிரித்தபடி உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு நாளாக அவள் சிரிப்புதான் என் கண்ணில் நிற்கிறது.

பதில் தெரியவில்லையென்றால் தெரியாது என்று சொல்லலாமே சார். அதில் என்ன குறைச்சல்?

சரி, நான் சொல்கிறேன். குரூப் 1, வங்கி பி.ஓ. தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். மூன்று வருடச் சட்டப்படிப்பும் அப்படித்தான். பி.எட். முடித்து, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தலாம், எம்.ஏ. முடித்து, நெட் என்ற தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரியில் பாடம் நடத்தலாம். டெக்னிகல் ரைட்டிங், சப்டைட்டில், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குக் கோச்சிங் எல்லாம் இருக்கிறது. அப்புறம் நான் பார்க்கும் காப்பி எடிட்டிங். வெளிநாட்டு ஆய்விதழ்களின் கட்டுரைகளைத் திருத்தி, பக்கம் கட்டி அனுப்பும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் வருடக்கணக்காக இருக்கின்றன. வழிகாட்டிக்கு மட்டும் தெரியவில்லை.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அதே பி.ஏ. இங்கிலீஷ் முடித்து மூன்று கால் சென்டர் ஏறினேன். மூன்றிலும் 'எம்.டி.ஐ. அதிகம்' என்று அனுப்பிவிட்டார்கள். ஏதோ வியாதி என்று நினைக்காதீர்கள், பேச்சில் தாய்மொழி வாடை அடிக்கிறது என்று அர்த்தம். சரி, குரூப் 2 எழுதலாமென்று போனால், தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு எனக்குக் கிடையாது. டிகிரியும் தமிழ் வழியில் இருக்க வேண்டுமாம். அங்கே தமிழ் ஜாஸ்தி, இங்கே தமிழ் போதவில்லை.

கடைசியில் 8,500 ரூபாய்க்கு எடிட்டிங் வேலை கிடைத்தது. முதல் மாதமே ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் வாக்கியத்தில் எழுவாய் ஒருபக்கம், பயனிலை ஒருபக்கம் நின்றது. பயந்துகொண்டே ஆத்தர் க்வெரி, அதாவது எழுதியவரிடமே கேட்கும் கேள்வி, போட்டேன். 'நன்றி, நீங்கள் சொன்னதே சரி' என்று பதில் வந்தது. அன்று ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லாமல் அழுதேன்.

"8,500 எல்லாம் ஒரு சம்பளமா?" என்று கமெண்டில் வருவீர்கள். இன்ஜினியரிங் முடித்து அதே சம்பளத்துக்கு என் பக்கத்து சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களிடம் கேளுங்கள். "ஏஐ வந்தாச்சு, எடிட்டர் எதற்கு?" என்பீர்கள். இதற்கு என்னிடம் கெத்தான பதில் இல்லை. எங்கள் டீமே பாதியாகிவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் கோடிங் படித்தவர்களுக்கும்தான் இருக்கிறது, அவர்களைப் பார்த்து யாரும் கல்யாணப் பத்திரிகை ஜோக் அடிப்பதில்லை.

படிப்பில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மூன்று வருடம் ஷேக்ஸ்பியரை நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்தோம். வகுப்பில் ஒருநாளாவது எழுந்து நின்று நாலு வரி இங்கிலீஷில் பேசச் சொல்லியிருந்தால் அந்த எம்.டி.ஐ. கதையே இருந்திருக்காது. அந்தக் கோபம் தனி. அதை நாங்கள் சொல்லலாம், நீங்கள் மேடையில் உட்கார்ந்து சிரிக்கக் கூடாது.

எங்கள் பெரியப்பாவும் இப்படித்தான் சிரித்தார். அப்பாவிடம், "பொம்பளப் பிள்ளைதானே, எதையோ படிக்கட்டும்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

போன மாதம் பெரியப்பாவின் பேரன், பி.இ. மெக்கானிக்கல், கனடாவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தான். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் எஸ்.ஓ.பி. கட்டுரை முழுக்க நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ராத்திரி. இடம் கிடைத்ததும் பெரியப்பா ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "உனக்கு என்னம்மா, ஆபீஸ்ல டைப்பிங் வேலைதானே?" என்றார்.