காக்கைகள் மேல் பழி போடாதீர்கள்

நிலக்காட்சி ஓவியம் ஒன்றை யாராவது பகிர்ந்தால் போதும், கூடவே ஓவியரின் சோகக் கதையும் வந்து ஒட்டிக்கொள்கிறது. வான்கோவின் 'காக்கைகளுடன் கோதுமை வயல்' என்றால் கேட்கவே வேண்டாம். காக்கை என்றால் சாவு, இருண்ட வானம் என்றால் மன உளைச்சல், பாதை முடிந்தால் வாழ்க்கை முடிந்தது. சாவதற்கு முன் அவர் வரைந்த கடைசிப் படமே இதுதான் என்றும் சொல்லிவிடுவார்கள். அப்புறம் படத்தை எதற்குப் பார்ப்பானேன்?

எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் தகவலே பிசகு. 1890 ஜூலையில் வரைந்ததுதான், ஆனால் கடைசிப் படம் அதுவல்ல. முடிக்காமல் விட்ட 'மர வேர்கள்'தான் கடைசி என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. அதே மாதம் தம்பி தியோவுக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய கடிதத்தில், கொந்தளிக்கும் வானத்தின் கீழே பரந்த கோதுமை வயல்களை வரைந்ததாகவும், அதில் சோகத்தையும் கடும் தனிமையையும் காட்ட முயன்றதாகவும் வான்கோ சொல்கிறார். எல்லோரும் மேற்கோளை இங்கேயே வெட்டிவிடுகிறார்கள். கிராமப்புறத்தில் தனக்கு ஆரோக்கியமாக, தெம்பூட்டுவதாகத் தோன்றும் எதையோ இந்தப் படங்கள் சொல்லும் என்று அவர் தொடர்வதை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

சரி, படத்துக்கு வருவோம். அகலம் சுமார் ஒரு மீட்டர், உயரம் அதில் பாதி. நீலமும் மஞ்சளும் நேருக்கு நேர் முட்டுகின்றன. சிவந்த மண்பாதையை ஒட்டியே பச்சைப் புல். ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள். பாதைகள் மூன்று. ஓரத்தில் இருக்கும் இரண்டும் படத்தை விட்டு வெளியே ஓடிவிடுகின்றன. நடுப்பாதை நெளிந்து வயலுக்குள் போய்க் காணாமல் போகிறது. கண் ஓரிடத்தில் நிலைகொள்ள வழியே இல்லை. காக்கைகளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், அந்தப் பதற்றம் அப்படியே இருக்கும். உணர்ச்சியைத் தூரிகை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று தேடுவதுதான் எனக்கு ருசி.

இன்னொரு உதாரணம், ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக். சிறு வயதில் தம்பி பனி உடைந்து நீரில் மூழ்கி இறந்த கதையை இவருக்கும் தவறாமல் சொல்வார்கள். 1808க்கும் 1810க்கும் இடையில் வரைந்த 'கடலோரத் துறவி'யில் முக்கால் பங்குக்கு மேல் வானம்தான். அடியில் கறுத்த கடல் ஒரு பட்டை, வெளிறிய மணல் ஒரு பட்டை, அந்த மணல்மேல் குச்சி மாதிரி ஒரு மனிதன். அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தபோது, முதலில் கடலில் கப்பல்கள் இருந்ததும் பிறகு அவர் அவற்றை நீக்கிவிட்டதும் தெரிந்தது. என்ன ஒரு முடிவு! நெய்தலுக்கு இரங்கல் என்று படித்த நமக்குக் கடற்கரைச் சோகம் புதிதல்ல. ஆனால் அந்த இரங்கலில் வர வேண்டியவர் ஒருவர் இருப்பார். கப்பலை நீக்கியதும் வருவதற்கே யாரும் இல்லாமல் போகிறது. தம்பியின் சாவு தெரியாதவருக்கும் அந்த வெறுமை உறைக்கும்.

ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஓவியத்தின் உணர்ச்சிக்கு வானமே முதன்மை என்று நம்பிய ஆங்கிலேயர் அவர். அதனால் வானத்தை ஊகிக்கவில்லை. 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்திருக்கிறார். (மனநிலை என்று நாம் உருகுவதற்குப் பின்னால் எவ்வளவு கணக்கு!) 1828இல் மனைவி இறந்தார். 1831இல் காட்சிக்கு வைத்த 'புல்வெளியிலிருந்து சாலிஸ்பரி தேவாலயம்' படத்தில் புயல் மேகத்தின் குறுக்கே ஒரு வானவில். அது தரையைத் தொடும் இடம் அவருடைய நண்பர் ஜான் ஃபிஷரின் வீடு. இந்த விவரத்தைப் படம் தானாகச் சொல்லாது, வாழ்க்கைக் கதைதான் சொல்ல வேண்டும். தெரிந்தபின் வானவில் கூடுதலாக இனிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்னை முதலில் அந்தப் படத்தில் கட்டிப்போட்டது ஃபிஷரின் வீடு அல்ல. கோபுர முனையைச் சுற்றித் திரண்டிருக்கும் அந்தக் கறுப்பும், கீழே தண்ணீரில் சிதறிக் கிடக்கும் வெள்ளைப் பூச்சும்தான்.