உத்தரவு வந்த மறுநாள் யாருக்குப் போன் செய்வது?

தத்தெடுப்பு என்று பேச்சு வந்தாலே நாம் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறோம். தத்து உத்தரவு கைக்கு வந்த நாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிய நாள், எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்ட நாள். எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு, அந்தப் போட்டோ இன்னும் ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. ஆனால் என் நினைவில் அழுத்தமாக நிற்பது அதற்கு மூன்று வாரம் கழித்து வந்த ஒரு ராத்திரி. தலையணை உறையை மாற்றப் போனவள் உள்ளே கையை விட்டேன். நொறுங்கிய பிஸ்கட், காய்ந்துபோன ரொட்டித் துண்டுகள், அதைச் சுற்றி எறும்பு. மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. "கேட்டால் தரமாட்டேனா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் எங்களுக்குக் குழந்தையைத் தந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "உத்தரவு வந்தாச்சே மேடம், இனிமே உங்க குழந்தை, நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் யாரோ கொடுத்த நம்பரில், எட்டு வருடங்களுக்கு முன்னால் தத்தெடுத்த ஓர் அக்காவிடம் பேசினேன். அவர் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எங்க ஒளிச்சு வைக்கிறா?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். "ஒரு டப்பா வாங்கும்மா. அவ பேரை எழுது. அவ கைக்கு எட்டுற இடத்துல வை. ஒரு நாளும் காலியா விடாதே. எத்தனை எடுத்தான்னு எண்ணாதே. திருடுறான்னு மட்டும் உன் வாயால வந்துடக் கூடாது." நாலு மாதத்தில் தலையணைக்குள் எதுவும் இல்லாமல் போனது. டப்பா மட்டும் இரண்டு வருடம் அதே இடத்தில் இருந்தது.

இதை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தத்துக் குடும்பங்களுக்கும், பிறர் பிள்ளையைத் தற்காலிகமாக வளர்க்கும் ஃபாஸ்டர் குடும்பங்களுக்கும் கைகொடுக்கும் அமைப்புகளின் வரலாற்றைக் கொஞ்ச காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். பல இடங்களில் அதன் அடியில் இருப்பது இந்த மாதிரி ஒரு உரையாடல்தான். அவற்றை அரசாங்கம் ஆரம்பிக்கவில்லை. ஏற்கெனவே அந்த ராத்திரியைக் கடந்த ஒருவர் இன்னொருவரிடம் பேசியிருக்கிறார், அதிலிருந்துதான் எல்லாம் வளர்ந்திருக்கிறது.

1959, கனடாவின் மாண்ட்ரியல். கறுப்பின, கலப்பினக் குழந்தைகளைத் தத்தெடுத்த மூன்று வெள்ளையினத் தம்பதிகள் சேர்ந்து ஓப்பன் டோர் சொசைட்டி, அதாவது திறந்த கதவு, என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அன்றைக்கு அங்கே தத்து நிறுவனங்கள் வைத்திருந்த கணக்கே வேறு. ஆரோக்கியமான வெள்ளைக் கைக்குழந்தை, அந்தக் குழந்தையின் கண்ணுக்கும் முடிக்கும் ஒத்துப்போகிற ஒரு தம்பதி, முடிந்தால் தத்து என்றே ஊருக்குத் தெரியாத மாதிரி ஒரு பொருத்தம். இந்தப் பொருத்தத்துக்குள் வராத குழந்தைகள், அதாவது வேறு நிறத்தில் பிறந்தவர்கள், வயது கூடியவர்கள், அண்ணன் தங்கையோடு சேர்ந்து வந்தவர்கள், உடல் குறையோடு பிறந்தவர்கள், இவர்கள் எல்லோருக்கும் "இடம் கிடைப்பது கடினம்" என்று ஒரு முத்திரை குத்தி விடுதிகளிலும் தற்காலிக வீடுகளிலும் விட்டுவைத்தார்கள்.

முதல் பெற்றோர் குழுக்களில் ஒன்று இந்தக் குடும்பங்களிலிருந்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்களால் மறைக்க முடிந்தது, மறைத்தார்கள், மறைத்ததாலேயே தனியாகக் கஷ்டப்பட்டார்கள். இவர்களால் மறைக்க முடியாது. அம்மாவும் பிள்ளையும் தெருவில் நடந்தாலே விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒளிவதற்கு வழியில்லாதவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போனார்கள்.

அந்தக் குழுவைப் பார்த்து, அதே பெயரிலும் வேறு பெயர்களிலும் அமெரிக்காவில் குழுக்கள் வளர்ந்தன. 1969-இல் மாண்ட்ரியலிலேயே கலப்பினத் தத்தெடுப்பு பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. 1974-இல் தத்துப் பெற்றோர்கள் சேர்ந்து, தத்துக்கு உரிய குழந்தைகளுக்கான வட அமெரிக்கக் கவுன்சில் என்ற அமைப்பை உருவாக்கினார்கள், ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக நகாக் (NACAC). மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தை இருப்பிடமாகக் கொண்ட அமைப்பு. "தத்துக்கு உரிய" என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். யாரைத் தத்துக்குத் தகுதியில்லை என்று கோப்பில் எழுதி மூடி வைத்தார்களோ, அந்தப் பிள்ளைகளைத்தான் அந்தப் பெயர் குறித்தது. அலுவலகம் எழுதியதற்குப் பெற்றோர்கள் எழுதிய மறுப்பு அது.

அவர்கள் பணத்தைப் பற்றிப் பேசினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அன்பு இருந்தால் போதும் என்று சொல்லிப் போய்விடவில்லை. அன்றைய அமெரிக்காவில் ஃபாஸ்டர் குடும்பமாக ஒரு பிள்ளையை வளர்த்தால் அரசாங்கத்திடமிருந்து மாதாமாதம் செலவுக்குப் பணம் வரும், மருத்துவச் செலவுக்கும் வழி இருக்கும். அதே பிள்ளையை அதே குடும்பம் சட்டப்படி தத்தெடுத்தால் அன்றோடு எல்லாம் நின்றுவிடும். அதனால் பல வருடமாகத் தன் பிள்ளையாகவே வளர்த்த, ஆனால் வசதியில்லாத ஒரு குடும்பம் தத்தெடுக்க முடியாமல் நின்றது. பிள்ளை பெரியவனாகும் வரை "தற்காலிகமாக" இருந்தான். இந்த முட்டாள்தனத்தை உடைக்க நியூயார்க் 1968-இல் தத்துக் குடும்பங்களுக்கு உதவித்தொகை தரும் சட்டம் கொண்டுவந்தது. பெற்றோர் குழுக்கள் இதை நாடு முழுக்கக் கேட்டன. 1980-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட தத்து உதவி, குழந்தை நலச் சட்டத்தில் மத்திய அரசே இதில் பங்கு கொடுக்க ஒப்புக்கொண்டது. "பெற்றோர் குழுவா? சும்மா உட்கார்ந்து அழுதுவிட்டு வருவார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அழுதார்கள், உண்மை. அழுதுவிட்டு எழுந்து போய்ச் சட்டமன்றக் கதவையும் தட்டினார்கள்.

சரி, இதை வீர வரலாறாக மட்டும் எழுதினால் அது நேர்மையாக இருக்காது. 1972-இல் அமெரிக்கக் கறுப்பின சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளைக் குடும்பங்களுக்குத் தத்து கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்து அறிக்கை விட்டது. அதை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய வருத்தம். வீடு கிடைக்கிற பிள்ளையைத் தடுக்கிறார்களே என்றுதான் தோன்றியது. மேலும் படிக்கப் படிக்கத்தான் அவர்கள் கேட்ட கேள்வி புரிந்தது. கறுப்பினக் குடும்பங்கள் தத்தெடுக்க முன்வரவில்லை என்கிறீர்களே, அவர்களை நீங்கள் கேட்டீர்களா? வருமானம், சொந்த வீடு, அறைகளின் எண்ணிக்கை என்று நீங்கள் வைத்த சல்லடையில் யார் விழுந்தார்கள், யார் மேலே நின்றார்கள்?

இது வெறும் வாதமாக நிற்கவில்லை. 1969-இல் டெட்ராய்ட்டில் சிட்னி டங்கன் என்ற பெண்மணியின் தலைமையில் ஹோம்ஸ் ஃபார் பிளாக் சில்ட்ரன் தொடங்கியது. கறுப்பினக் குடும்பங்களை மரியாதையோடு அழைத்தார்கள், குடும்பங்கள் வந்தன. 1980-இல் சிகாகோவில் ஜார்ஜ் கிளெமெண்ட்ஸ் என்ற கறுப்பினக் கத்தோலிக்கப் பாதிரியார், ஒவ்வொரு தேவாலயத்திலிருந்தும் ஒரு குடும்பமாவது ஒரு குழந்தையை எடுக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார், பிறகு தானே ஒரு பையனைத் தத்தெடுத்தார். பாதிரியார் தத்தெடுப்பதா என்று எழுந்த எதிர்ப்பையெல்லாம் தாண்டித்தான் செய்தார். பிறகு 1991-இல் நகாக் அமைப்பே ஓர் அறிக்கை வெளியிட்டது. சொந்த இனத்துக் குடும்பத்தில் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் தடுப்பது எது என்று தேடிய அறிக்கை. தத்துக்கட்டணம், வளைந்து கொடுக்காத விதிகள், அலுவலகங்களில் அந்தச் சமூகத்து ஊழியர்கள் இல்லாதது, குடும்பங்களைத் தேடிப் போகாதது என்று தடைகளை அது வெளிப்படையாக எழுதியது. வேற்றினக் குழந்தைகளைத் தத்தெடுத்தவர்கள் போட்ட விதையிலிருந்து வளர்ந்த அமைப்பு, அந்தக் குழந்தைகளின் சொந்தச் சமூகம் ஏன் வெளியே நிறுத்தப்பட்டது என்று தேடிப் பார்த்திருக்கிறது. ஓர் அமைப்பை நான் மதிப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

ஃபாஸ்டர் பெற்றோர்களின் கதை தனி, அது இன்னும் வலி நிறைந்தது. தத்தெடுத்தவருக்குப் பிள்ளை தங்கும். ஃபாஸ்டர் குடும்பத்தின் வேலையே, முடிந்தால் பிள்ளையைப் பெற்றவர்களிடம் நல்லபடியாகத் திருப்பி அனுப்புவது. 1971-இல் அமெரிக்காவின் ஃபாஸ்டர் பெற்றோர்கள் சிகாகோவில் தேசிய அளவில் கூடினார்கள், அடுத்த வருடமே அவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் உருவானது. நியூயார்க்கில் ஆஃபர் என்ற ஃபாஸ்டர் குடும்பங்களின் அமைப்பு நீதிமன்றத்துக்கே போனது. ஒரு வருடமோ அதற்கு மேலோ எங்களோடு வளர்ந்த பிள்ளையை எடுத்துப் போவதற்கு முன்னால், எங்களை அழைத்து முறையாக விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தினமும் கூட வாழ்வதால் வருகிற பாசம் ரத்த உறவு இல்லாத இடத்திலும் உண்டாகும் என்பதை நீதிபதி பிரென்னன் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். ஆனாலும் இருக்கிற நடைமுறையே போதும் என்று வழக்கு அவர்களுக்கு எதிராகவே முடிந்தது.

அந்த வழக்கில் இன்னொரு தரப்பும் இருந்தது, பெற்ற தாய்மார்கள். வறுமையாலும் நோயாலும் பிள்ளையைச் சில காலம் அரசாங்கத்திடம் ஒப்படைத்த பெண்கள். எங்கள் பிள்ளை எங்களிடம் திரும்புவதற்கு நடுவில் இன்னொரு தடையைப் போடாதீர்கள் என்று அவர்கள் வந்து நின்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது, யார் பக்கம் நிற்பது என்று இன்றுவரை முடிவெடுக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். வளர்க்கிறவர்களின் அமைப்பில் பெற்றவர்களுக்கு நாற்காலி இல்லையென்றால் அவர்களை அப்புறம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பாகத்தான் சந்திக்க வேண்டியிருக்கும். வளர்ந்த தத்துப் பிள்ளைகளும் அப்படித்தான். ஜீன் பேட்டன் என்ற தத்துப் பெண் 1953-லேயே தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி, எங்கள் பிறப்பைத் தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு என்று பேசினார். நம் பிள்ளைகளைப் பற்றி நாமே பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் வளர்ந்து வந்து தாங்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கத்தான் வேண்டும், அது நமக்கு வலித்தாலும்.

பிரிட்டனிலும் கிட்டத்தட்ட இதே தடம்தான். 1971-இல் அங்கே தத்துப் பெற்றோர்கள் ஆரம்பித்த குழுவின் பெயரிலேயே "பெற்றோரிடமிருந்து பெற்றோருக்கு" என்று இருந்தது, இன்று அது அடாப்ஷன் யூகே. ஆனால் தத்தெடுத்த பிறகு பிள்ளைக்குத் தேவைப்படும் மனநல சிகிச்சைக்கென்று இங்கிலாந்து அரசாங்கம் தனியாக ஒரு நிதி ஒதுக்கியது 2015-இல். நாற்பத்து நான்கு வருடம்! 1971-இல் தத்துக்கு வந்த குழந்தை அதற்குள் பாட்டியாகியிருக்கலாம். அந்த நிதியிலும் 2025-இல் கைவைத்து, ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 5,000 பவுண்ட் என்றிருந்த சிகிச்சை வரம்பை 3,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். சிகிச்சை அறையில் யாரையாவது நம்பிப் பேசுவதற்கே இந்தப் பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் ஆகும். பேச ஆரம்பிக்கிற நேரத்தில் பணம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், பெரியவர்கள் கடைசியில் கைவிடுவார்கள் என்று அந்தப் பிள்ளை முன்பே கற்ற பாடத்தை நாமே உறுதி செய்கிறோம்.

நகாக் அமைப்பும் இப்போது பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. ஃபேமிலிஸ் ரைசிங், எழுகிற குடும்பங்கள். அன்றைக்கு மாண்ட்ரியலில் பெயரில் கதவு இருந்தது, அப்புறம் குழந்தை, இப்போது குடும்பம். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள், ஆனால் எனக்கு இது சரியான வரிசையாகப் படுகிறது. பிள்ளையை ஒரு வீட்டுக்குள் சேர்த்துவிட்டால் போதும் என்று தொடங்கியவர்கள், அந்த வீடு நிமிர்ந்து நிற்கவில்லையென்றால் பிள்ளையும் நிற்காது என்று பல வருட அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

என் நம்பரும் இப்போது அப்படி ஒரு பட்டியலில் இருக்கிறது. போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். பதினான்கு மாதம் ஃபாஸ்டராக வளர்த்த பையன் மறுநாள் காலையில் அவன் அம்மாவிடம் திரும்பிப் போகிறான். தன்னைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. "பையில என்ன வைக்கணும் அக்கா?" என்றார். போட்டோ ஆல்பம் வைங்க, அதுல அவன் அம்மா போட்டோ முதல் பக்கத்துல இருக்கட்டும் என்றேன். ராத்திரி கட்டிக்கிட்டுத் தூங்குற பொம்மையை வைங்க. எத்தனை மணிக்குத் தூங்குவான், எதுக்குப் பயப்படுவான், என்ன பாட்டுப் பாடினா அடங்குவான்னு ஒரு பேப்பர்ல எழுதி அவன் அம்மா கையில கொடுங்க. தலையணை உறையையும் கழற்றி வைங்க, துவைக்காம. கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "துவைச்சுட்டேனே" என்றார். இன்னைக்கு ராத்திரி அதுல படுப்பான் இல்ல, அது போதும் தம்பி என்றேன்.