பொய் சொல்றது வேற, தப்பாச் சொல்றது வேற

ரெண்டு நாளா நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்ல நடக்குற கூத்தைப் பாத்துட்டு வாயத் தொறக்காமத்தான் இருந்தேன். அந்தக் கொலை வழக்குல கீழ்க்கோர்ட்டு தண்டனை குடுத்து, ஹைகோர்ட்டு மதுரை பெஞ்ச் அப்பீல்ல விடுதலைன்னு வந்ததுலருந்து ஆளாளுக்கு ஜட்ஜ் ஆயிட்டாக. "பிள்ளையைக் கொன்னவனைக் கண்ணால பாத்தேன்னு பெத்த தாயே கூண்டுல ஏறி அழுது சொன்னதையே நம்பலையே, எம்புட்டு வாங்குனாகளோ"ன்னு ஒரு வாய்ஸ் நோட்டு. தீர்ப்பைப் படிச்சீகளான்னுதான் கேட்டேன், "நீங்க கொலைகாரன் பக்கமாண்ணே"ங்கிறான் நான் தூக்கி வளத்த பய. நல்லாருக்கட்டும்.

அந்தம்மா பொய் சொன்னாகன்னு கோர்ட்டும் சொல்லலை, நானும் சொல்லலை. பொய் சொல்றது வேற, தப்பாச் சொல்றது வேற. கரண்ட் இல்லாத ராத்திரியில ஓடுற ஆளோட முதுகைப் பாத்துட்டு இன்னார்னு சொன்னா, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேக்கத்தான் செய்வாக. போலீஸ்ட்ட சொன்னப்ப ஒரு பேரு, கோர்ட்டுல மூணு பேரு. இதைக் கேக்கக் கூடாதுன்னா அப்பீல் எதுக்கு, போஸ்ட்டாபீஸ்ல குடுத்தா அவுகளே சீல் குத்திருவாகளே.

நான் ஏன் இம்புட்டுக் கத்துறேன்னு சில பேருக்குத் தெரியும். எங்க ஆயா வீட்டுல பித்தளைச் சாமான் களவு போன அன்னைக்கு, பொழுது சாஞ்ச நேரம், கடைசிக் கட்டு வாசல் வழியா ஒரு ஆளு சாக்கோட பின் தெருவுல இறங்குனதை நான் பாத்தேன். ஸ்டேஷன்ல கேட்டப்ப, ஓடு மாத்த வந்த கொத்தனாரோட கையாளுன்னு சொன்னேன். சத்தியம் பண்ணச் சொல்லிருந்தா பிள்ளையார்பட்டியில சூடம் அடிச்சிருப்பேன், அம்புட்டு உறுதி. ரெண்டு நாள் உக்கார வச்சிருந்தாக அவரை. அடிச்சாகளான்னு நான் கேக்கலை. அப்பறம் பாத்தா, அந்த நேரத்துல அவரு காரைக்குடியில பிள்ளையோட ஆஸ்பத்திரியில இருந்திருக்காரு, சீட்டு இருக்கு. முந்துன வாரம் பூராம் அதே வாசல்ல அவரு சாக்குத் தூக்குறதைப் பாத்த கண்ணு, அந்த முகத்தை எடுத்து இந்த முதுகுல ஒட்டிருச்சு. நான் பொய் சொன்னனா? இல்லை. சொன்னது உண்மையா? அதுவும் இல்லையே.

"ஒத்தைச் சாட்சின்னு தள்ளிட்டாக"ன்னு ஒரு அண்ணன். யாரு சொன்னா? பழைய 1872 சாட்சியச் சட்டம் 134-ஆவது பிரிவுலயே இத்தனை பேர் வேணும்னு கணக்குக் கிடையாது, 2024-ல அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துலயும் அப்படித்தான். 1957-ல வடிவேலு தேவர் வழக்குல, நம்ம தமிழ்நாட்டு வழக்குதான், ஒரே சாட்சியை வச்சே தண்டனையை உறுதி பண்ணுச்சு சுப்ரீம் கோர்ட்டு. முழுசா நம்பலாம், கொஞ்சமும் நம்ப முடியாது, ரெண்டுக்கும் நடுவுலன்னு சாட்சியை மூணா பிரிச்சது அதுலதான். அந்த நடுவுல உள்ள ஆளுக்குத்தான் வேற ஆதாரமும் வேணும்கிறாக.

"பெத்த தாய் வேற ஒருத்தனை மாட்டிவிடுவாளா?" மாட்டாக. சொந்தக்காரங்க உண்மையான குற்றவாளியை லேசுல விட மாட்டாகன்னு 1953-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. ஆனா மாட்டிவிடணும்னு நினைக்காமலே மாட்டிவிட முடியும்யா, அதைத்தானே தொண்டை காயச் சொல்றேன். கீழ்க்கோர்ட்டு ஜட்ஜ் அந்தம்மா முகத்தை நேர்ல பாத்தாருன்னா, பாக்கட்டும். அழுகை நெசம். இருட்டும் நெசந்தானே.

இதுல ஒருத்தரு கண்ணகி படம் போட்டு "நீதி செத்துருச்சு"ங்கிறாரு. பூம்புகார்லருந்து வந்தோம்னு பெருமை பேசுற குரூப்பு! பொற்கொல்லன் ஒருத்தன் பேச்சைக் கேட்டு, ஒரு கேள்வி கேக்காம வெட்டச் சொன்னதுதானய்யா அங்க நடந்த தப்பு. பாண்டியன் பக்கத்துல நின்னுக்கிட்டு கண்ணகி படத்தைப் போடுறீக.

செத்தவுகளுக்கு நியாயம் வேணாமான்னா வேணும், விசாரிச்சவுகளைப் போய்க் கேளுங்க, என்னையக் கேக்காதீக. குரூப்ல இருந்து தூக்குறதுன்னாலும் தூக்கிக்கங்க.

போன மாசம் சந்தையில அந்தக் கொத்தனார் கையாளைப் பாத்தேன். அந்தப் பிள்ளை இப்ப அவரு தோள் உசரம். "நல்லாருக்கியளா"ன்னு நான்தான் கேட்டேன். கத்திரிக்காய்க்காரம்மாட்ட பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கிட்டு, யாரோ எவரோன்னு தாண்டிப் போயிட்டாரு.