‘கலெக்டர் ஆபீஸ்’ என்று சொன்னால் நண்பனை விட்டுவிடுவார்களா?

“நண்பனைப் போலீஸ் பிடித்துவிட்டதா? கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று அதட்டுங்கள், விட்டுவிடுவார்கள். பணம் வாங்காதவரை குற்றமில்லை.” நெல்லை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

மேலப்பாளையம் டீக்கடையில் ஒரு தம்பி, கண்ணாடி டம்ளர் ஆறிக்கொண்டிருக்க, குரலைக் கனமாக்கி இந்த வசனத்தை ஒத்திகை பார்த்ததைக் கண்டு பதறிப்போனேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவைப் படியுங்கள். அரசு அலுவலராக நடித்து, அந்தப் பதவியின் பெயரில் ஒரு செயலைச் செய்ய முயன்றாலே குற்றம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. பணம் கைமாறியிருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பழைய சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, இப்போது இருக்கிறது.

நண்பனாகவே போங்கள், தம்பி. கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் தகவல் சொல்லியாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால் ஜாமீன் அவருடைய உரிமை. வழக்கறிஞருக்குப் பணமில்லையா? இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.